ஆகாயத்தில் குட்டிக்கரணம்

மலர்க் குழுவினர் இந்த முறை என்னிடம் ஒரு வாழ்க்கை வரலாறு கேட்டார்கள். பழைய மலர்களைப் புரட்டிப் பார்த்தால் விஸ்வேஸ்வரய்யா, சர் சி.வி. ராமன், ராமானுஜன், கலாம் ஐயா என்று பெரியவர்கள் எல்லோரையும் சீனியர்கள் எழுதி முடித்துவிட்டார்கள். எனவே நான் கொஞ்சம் தூரம் போய், 26 வயதில் இறந்துபோன ஒரு பிரெஞ்சு விவசாயி மகனை அழைத்து வந்திருக்கிறேன். பெயர் அடால்ஃப் பெகூ. நம்மைப் போல் இன்ஜினீயரிங் படித்தவர் இல்லை. சாதாரணப் பட்டாளத்துச் சிப்பாயாக இருந்து, 1913ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் உலகத்தையே அண்ணாந்து பார்க்க வைத்தவர்.

நம் கல்லூரியில் மாடல் விமானம் விட்ட கோஷ்டியை எல்லா பேட்ச்காரர்களுக்கும் தெரியும். ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் பால்சா மரத்தை அறுத்து, ஃபெவிக்விக் ஒட்டிய விரலோடு பரீட்சை எழுதப் போனவர்கள் நாங்கள். மைதானத்தில் நின்றுகொண்டு ரேடியோ டிரான்ஸ்மிட்டரின் இரண்டு குச்சிகளை ஆட்டி மேலே இருக்கும் விமானத்தை லூப் அடிக்க வைப்போம், தலைகீழாக ஓட்டுவோம். அந்த வித்தைகளுக்கெல்லாம் பிள்ளையார் சுழி போட்டவர்களில் பெகூ முக்கியமானவர். இன்னொரு விசேஷமும் உண்டு. ஓட்ட ஆளே இல்லாமல் போன ஒரு விமானம் ஆகாயத்தில் புரண்டதைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த யோசனையே வந்தது. எங்கள் கோஷ்டிக்கு அவர் குலதெய்வம் என்றால் மிகையாகாது.

பட்டாளத்துப் பையன்

பெகூ பிறந்தது 1889ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் தேதி. ஊர், பிரான்சின் இஸேர் மாவட்டத்தில் மோன்ஃபெரா என்ற கிராமம். ஆல்ப்ஸ் மலைப் பக்கம். 18 வயதில், 1907இல் ராணுவத்தில் சேர்ந்துவிட்டார். அல்ஜீரியா, மொராக்கோ என்று வட ஆப்பிரிக்காவில் குதிரைப் படையில் சில வருஷம் ஓடியது. பிறகு பிரான்சுக்குத் திரும்பி பீரங்கிப் படையில் வேலை. அங்கே இருக்கும்போதுதான் விமானம் பறப்பதை அருகிலிருந்து பார்க்கவும், ஏறிப் போகவும் வாய்ப்புக் கிடைத்தது. அதோடு மனுஷனுக்குக் குதிரை மறந்துபோயிற்று.

1913 பிப்ரவரியில் ராணுவத்திலிருந்து விடுதலை. மார்ச்சிலேயே விமானி உரிமம். உடனே லூயி பிளேரியோவின் கம்பெனியில் சோதனை விமானி வேலை. பிளேரியோ யார் என்று ஏரோ ஸ்பேஸ் பாடம் எடுத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 1909 ஜூலை 25ஆம் தேதி இங்கிலீஷ் கால்வாயை முதன்முதலில் விமானத்தில் தாண்டியவர். தாண்டிய விமானம் பிளேரியோ-11. அதே வகை விமானத்தில், இன்னும் வலுவான இன்ஜின் போட்டு, பெகூ சோதனைகள் செய்ய ஆரம்பித்தார். இரண்டு கம்பங்களுக்கு நடுவே கட்டிய கம்பியில் விமானத்தைக் கொக்கி போட்டு மாட்டி இறக்குவது, அதிலிருந்தே கிளப்பிக்கொண்டு போவது என்பது ஒரு சோதனை. கப்பலில் விமானம் வைத்துக்கொள்ளப் பயன்படும் என்று பிளேரியோவுக்கு எண்ணம். பெகூ அதையும் செய்து காட்டினார்.

விமானத்தை விட்டுக் குதித்தவர்

அந்த நாளில் விமானத்துக்கு ஏதாவது ஆனால் விமானி போய்ச் சேர வேண்டியதுதான். பாரசூட் இருந்தது, ஆனால் பலூன்காரர்களிடம் இருந்தது. அமெரிக்காவில் 1912இல் ஆல்பர்ட் பெர்ரி என்பவர் விமானத்திலிருந்து பாரசூட்டில் குதித்திருக்கிறார். ஆனால் அவர் பயணியாகப் போனவர், விமானத்தை இன்னொருவர் ஓட்டினார். ஒற்றை ஆள் ஓட்டும் விமானத்தை அந்தரத்தில் அனாதையாக விட்டுவிட்டு ஓட்டுநரே குதிப்பது வேறு சங்கதி.

போனே என்பவர் வடிவமைத்த பாரசூட்டைச் சோதிக்க பெகூ முன்வந்தார். பிளேரியோ ஒரு பழைய விமானத்தைப் பலி கொடுக்கச் சம்மதித்தார். பாரசூட்டை மடித்து விமானியின் முதுகுக்குப் பின்னால் உடற்பகுதியின் மேல் வைத்திருந்தார்கள். அது விரிந்ததும் ஆளைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்துவிடும் என்பது ஏற்பாடு. 1913 ஆகஸ்ட் 19ஆம் தேதி, பாரிஸ் அருகே ஷாட்டோஃபோர் என்ற இடத்தில் பெகூ அதைச் செய்தார். பாரசூட் விரிந்தது. ஆள் ஒரு மரத்தில் வந்து மாட்டிக்கொண்டு, பத்திரமாக இறங்கினார்.

இதுவரைக்கும் நடந்தது ஒரு நல்ல சாகசம், அவ்வளவுதான். ஆனால் இறங்கும்போது பெகூ கண்ணை மூடிக்கொண்டிருக்கவில்லை. தான் கைவிட்ட விமானம் என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டே வந்தார். நாமெல்லாம் என்ன நினைப்போம்? ஓட்ட ஆள் இல்லை, நேராகத் தலைகுப்புற விழும் என்றுதான். அது அப்படி விழவில்லை. மூக்கைக் கீழே போட்டது, தூக்கியது, புரண்டது, தலைகீழாகப் போயிற்று, சுருண்டு வந்தது. தாறுமாறாகப் பல கோலம் போட்டுவிட்டுத்தான் தரைக்கு வந்தது. முக்கியமான விஷயம், அத்தனை புரளலிலும் இறக்கை முறியவில்லை.

பெகூவுக்கு அங்கேதான் பொறி தட்டியது. ஆள் இல்லாதபோதே விமானம் இதையெல்லாம் செய்து பிழைக்கிறது என்றால், ஆள் உட்கார்ந்து வேண்டுமென்றே செய்தால் என்ன? காற்றில் எந்த நிலைக்குப் போனாலும் திரும்பி நேராக வர முடியும் என்று நிரூபித்துவிட்டால், திடீர்க் காற்றில் புரண்டு போகும் விமானிக்கு அது உயிர்ப்பிச்சை அல்லவா? அவர் கேட்டது இந்தக் கேள்வியைத்தான். வேடிக்கை காட்டிக் காசு சம்பாதித்தது எல்லாம் பிற்பாடு.

இறக்கை எந்தப் பக்கம் உடையும்?

இந்த இடத்தில் மெக்கானிக்கல், சிவில்காரர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரவும். பிளேரியோ-11 ஒற்றை அடுக்கு இறக்கை விமானம். இறக்கை மெல்லியது, தானாக நிற்காது. விமானிக்கு மேலே ஒரு சின்னக் கோபுரம் மாதிரி சட்டம். அதிலிருந்து இறக்கைக்குக் கம்பிகள் இறங்கும். கீழே சக்கரச் சட்டத்திலிருந்தும் இறக்கைக்குக் கம்பிகள் ஏறும். பறக்கும்போது காற்று இறக்கையை மேலே தூக்குகிறது, கீழ்க் கம்பிகள் இழுத்துப் பிடிக்கின்றன. தரையில் நிற்கும்போது இறக்கை தன் எடைக்குத் தொங்கப் பார்க்கிறது, மேல் கம்பிகள் தாங்குகின்றன. அப்படியானால் கீழ்க் கம்பி பலமாக இருக்க வேண்டும், மேல் கம்பிக்கு வேலை குறைவு, சுமாராக இருந்தால் போதும். இப்படித்தான் ஆரம்ப காலத்தில் எல்லோரும் கணக்குப் போட்டார்கள்.

கணக்கில் ஓட்டை இருந்தது. டைவ் அடிக்கும் விமானி குச்சியைச் சட்டென்று முன்னால் தள்ளினால், காற்று இறக்கையை மேலிருந்து கீழாக அமுக்கும். அப்போது பாரம் முழுக்க அந்த இளைத்த மேல் கம்பிக்கு. அது அறுந்தால் இறக்கை கீழ்ப்பக்கமாக மடிந்துவிடும். பல விமானிகள் காரணம் புரியாமல் இப்படிச் செத்தார்கள். இதைக் கண்டுபிடித்து 1912இல் பிரெஞ்சு ராணுவத்துக்கு அறிக்கை கொடுத்தவர் பிளேரியோவேதான். தன் விமானமும் அதே வகை என்று தெரிந்தே கொடுத்தார். ராணுவம் ஒற்றை இறக்கை விமானங்களைக் கொஞ்ச காலம் தரையிறக்கி வைத்து, கம்பிகளைப் பலப்படுத்தச் சொன்னது. வியாபாரம் அடிபடும் என்று தெரிந்தும் உண்மையைச் சொன்ன முதலாளி. இன்று நாம் பார்க்கும் எத்தனை கம்பெனிகளில் இது நடக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஆக, தலைகீழாகப் பறக்க வேண்டும் என்று பெகூ வந்து நின்றபோது எங்கே பலம் கூட்ட வேண்டும் என்பது பிளேரியோவுக்குத் தெரிந்திருந்தது. தலைகீழ் என்றால் மேல் கம்பிதான் விமானத்தையே சுமக்க வேண்டும். மேல் சட்டத்தையும் கம்பிகளையும் பலப்படுத்தினார்கள். விமானியை இருக்கையோடு இறுக்க நல்ல வார்ப்பட்டைகள் போட்டார்கள்.

தலைகீழ் ஒத்திகை

அடுத்து செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஹாங்கருக்குள் விமானத்தைத் தலைகீழாகத் தூக்கி நிறுத்தி, பெகூவை அதில் கட்டித் தொங்கவிட்டார்கள். ரத்தம் தலைக்கு ஏறினால் எப்படி இருக்கிறது, கை சரியான லீவருக்குப் போகிறதா, கால் பெடலை விட்டு நழுவுகிறதா, எவ்வளவு நேரம் தாங்கும் என்று பழகினார். தரையில், நாலு பேர் பக்கத்தில் நிற்க, பல தடவை. இப்போது நம் பசங்க கம்ப்யூட்டரில் ஃப்ளைட் சிமுலேட்டர் வைத்துப் பழகுகிறார்களே, அதற்குத் தாத்தா இந்த ஒத்திகை.

1913 செப்டம்பர் 1ஆம் தேதி, ஜுவிசி விமானத் திடல். பெகூ மேலே ஏறினார், மூக்கைக் கீழே தள்ளினார், நேர்க்குத்தாக இறங்கினார், அதையும் தாண்டித் தள்ளினார். விமானம் முதுகைத் தரைக்குக் காட்டிக்கொண்டு தலைகீழாகச் சறுக்கியது. பிறகு மறுபடி நேர்க்குத்தாக வந்து, நிமிர்ந்து, அமைதியாக இறங்கியது. பக்கவாட்டில் பார்த்தவர்களுக்கு அது ஆகாயத்தில் ஆங்கில எஸ் எழுத்து வரைந்த மாதிரி. பாரசூட்டில் குதித்து 13 நாள்தான் ஆகியிருந்தது.

செப்டம்பர் 21ஆம் தேதி ப்யூக் என்ற இடத்தில் முழு வட்டம் அடித்தார். அதுதான் லூப். நம்ம ஊர்ப் பாஷையில் சொன்னால் ஆகாயத்தில் குட்டிக்கரணம்.

கீவ் நகரத்து லெப்டினன்ட்

உலகத்தின் முதல் லூப் பெகூவுடையது என்று அன்றைய பத்திரிகைகள் கொண்டாடின. உண்மை வேறு. 12 நாள் முன்பே, செப்டம்பர் 9ஆம் தேதி, கீவ் நகரத்து ராணுவத் திடலில் பியோத்தர் நெஸ்டெரோவ் என்ற ரஷ்ய லெப்டினன்ட் நியூபோர் விமானத்தில் லூப் அடித்திருந்தார். கணக்குப் போட்டு, காகிதத்தில் வரைந்து, முடியும் என்று நீண்ட நாள் வாதாடி, கடைசியில் செய்தே காட்டினார்.

அவருக்குக் கிடைத்த பரிசு என்ன தெரியுமா? சர்க்கார் சொத்துக்கு ஆபத்து விளைவித்ததாகப் பத்து நாள் காவல் தண்டனை! அப்புறம் பிரான்சில் பெகூவை ஊரே தலையில் தூக்கி வைத்து ஆடும் செய்தி வந்தது. ரஷ்ய மேலதிகாரிகள் முழித்துக்கொண்டு, தண்டனையை விட்டுவிட்டு, நெஸ்டெரோவுக்குப் பதவி உயர்வும் பதக்கமும் கொடுத்தார்கள். ஒரே வேலை, ஒரே மாதம். ஓர் ஊரில் முதலாளி விமானத்தைக் கொடுத்துக் கம்பியையும் பலப்படுத்திக் கொடுக்கிறார். இன்னோர் ஊரில் மேலதிகாரி தண்டனை எழுதுகிறார்.

1914இல் பெகூ ரஷ்யாவுக்குப் போனபோது, முதல் லூப் நெஸ்டெரோவுடையதுதான் என்று பலர் முன்னிலையில் ஒப்புக்கொண்டார். புகழின் உச்சியில் இருக்கும் 24 வயசுப் பையனுக்கு இதைச் சொல்ல மனசு வருவது, என்னைக் கேட்டால், லூப் அடிப்பதைவிடக் கஷ்டம்.

ஆறு மடங்கு எடை

லூப் என்றால் என்ன என்று பிளஸ் டூ இயற்பியலிலேயே படித்திருக்கிறோம். கயிற்றில் கல்லைக் கட்டிச் செங்குத்து வட்டத்தில் சுற்றும் கணக்கு. உச்சியில் கயிறு தொய்யாமல் இருக்க வேண்டுமானால் அடியில் வேகத்தின் வர்க்கம் குறைந்தது 5ஜிஆர் இருக்க வேண்டும். அப்போது அடியில் கயிற்றின் இழுவிசை கல்லின் எடையைப் போல் 6 மடங்கு. பரீட்சைக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்த அதே கணக்குத்தான். கயிறுக்குப் பதில் இறக்கையின் தூக்கு விசை என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் உதவி இல்லாமல் ஒழுங்கான வட்டம் போட்டால், அடிப்பகுதியில் இறக்கை விமானத்தின் எடையைப் போல் 6 மடங்கு சுமக்க வேண்டும். மரமும் துணியும் கம்பியுமாகச் செய்த இறக்கை!

அதனால் புத்திசாலி விமானி சரியான வட்டம் போட மாட்டார். அடியில் அகலமாக வளைத்து, வேகம் குறைந்த உச்சியில் சின்னதாகச் சுருட்டிக்கொள்வார். கோழிமுட்டையை நிறுத்தி வைத்த மாதிரி ஒரு வடிவம் வரும். பாரமும் குறையும்.

இந்தக் கணக்கை மதிக்காதவர்களை ஆகாயம் மன்னிக்கவில்லை. அமெரிக்காவில் லிங்கன் பீச்சி என்று ஒரு மகா கெட்டிக்காரர். தன்னைப் பார்த்துப் பழகப் போய் இளைஞர்கள் சாகிறார்கள் என்று மனம் நொந்து 1913இல் பறப்பதையே விட்டிருந்தார். பெகூவின் செய்தி வந்ததும் இருப்புக் கொள்ளாமல் திரும்பி வந்தார். அந்த நவம்பரிலேயே அவரும் லூப் அடித்தார், பிறகு பெரும் பேரும் புகழும் அடைந்தார். 1915 மார்ச் 14ஆம் தேதி, சான் ஃபிரான்சிஸ்கோ கண்காட்சியில் ஒரு புதிய ஒற்றை இறக்கை விமானத்தில் தலைகீழாகப் போய், நிமிர்த்த இழுத்தபோது இறக்கை முறிந்தது. ஆயிரக்கணக்கான ஜனங்கள் பார்க்க வளைகுடாவில் விழுந்து இறந்தார். திறமைக்குக் குறைச்சல் இல்லை. இறக்கைதான் தாங்கவில்லை.

மைதானத்துக்கு வந்த பெகூ

லூப் அடித்த அதே மாதத்தில் பெகூ இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் திடலில் பறந்து காட்டினார். அப்புறம் பெர்லின் பக்கம் யோஹானிஸ்தால், இன்னும் ஐரோப்பாவின் பல நகரங்கள். எங்கே போனாலும் திருவிழாக் கூட்டம். வாலைக் கீழாக வைத்து விமானத்தை நிறுத்தி, அப்படியே பின்பக்கமாக நழுவ விடும் வித்தையும் அவர் செய்தார். ஹக்ஸ் என்ற ஆங்கிலேயர் பிரான்சுக்கே வந்து கற்றுக்கொண்டு போனார். ஒரு மனிதர் செய்ததைச் சில மாதங்களில் பல நாட்டு விமானிகள் செய்ய ஆரம்பித்தார்கள்.

அந்த வித்தைகள் பிற்பாடு ஆள் இல்லாத விமானத்துக்கே திரும்பி வந்ததுதான் வேடிக்கை. 1937இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள் ரேடியோ மூலம் ஓட்டும் மாடல் விமானத்தை வெற்றிகரமாகப் பறக்க விட்டார்கள். 1960இல் சுவிட்சர்லாந்தில் ரேடியோ மாடல்களுக்கான முதல் உலக ஸ்டண்ட் போட்டி நடந்தது. இன்று எஃப்3ஏ என்ற பிரிவில் அந்தப் போட்டிகள் தொடர்கின்றன. இறக்கையும் உடம்பும் ஒவ்வொன்றும் 2 மீட்டருக்குள் இருக்க வேண்டும். ஒவ்வொரு வித்தைக்கும் 10 மார்க், தப்புக்குத் தப்பு கழிப்பார்கள், பிறகு கஷ்டத்துக்கு ஏற்ற எண்ணால் பெருக்குவார்கள். நம்ம இன்டர்னல் மாதிரி தாராளமாகப் போட மாட்டார்கள்!

இதில் லூப் கோழிமுட்டையாக வந்தால் மார்க் போச்சு. காம்பஸ் வைத்து வரைந்த மாதிரி வட்டம் வேண்டும். அதற்கு ஏறும்போது திராட்டிலைக் கூட்டி, உச்சி தாண்டியதும் குறைத்து, வேகத்தை ஒரே சீராக வைத்துக்கொள்ள வேண்டும். பெகூவின் இறக்கை கீழ்ப்பக்கம் குழிந்தது, தலைகீழாகப் போனால் சரியாகத் தூக்காது. ஸ்டண்ட் மாடலின் இறக்கை மேலும் கீழும் ஒரே வளைவு. அதற்கு எது முதுகு, எது வயிறு என்ற பேதமே கிடையாது. அன்றைய விமானங்களைத் தலைகீழாகப் பிடித்தால் பெட்ரோல் ஒழுங்காக இன்ஜினுக்கு வராது. மாடல் இன்ஜின்காரர்கள் டாங்கிக்குள் ரப்பர் குழாயின் நுனியில் ஒரு குண்டைக் கட்டிவிடுவார்கள். எண்ணெய் எந்தப் பக்கம் சாய்கிறதோ குண்டும் அந்தப் பக்கம் விழும், குழாய் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நாலணாச் சமாச்சாரம், ஆனால் அழகான இன்ஜினீயரிங். இப்போது பேட்டரி மோட்டார் வந்துவிட்டதால் அந்தக் கவலையும் ஒழிந்தது.

ஆனால் ஒரு கவலை ஒழியவில்லை. விமானம் தலைகீழாகப் போகும்போது எலிவேட்டர் குச்சிக்கு அர்த்தமே மாறிவிடும். மேலே போக வேண்டுமானால் முன்னால் தள்ள வேண்டும். பயந்துபோன கை வழக்கம்போல் பின்னால் இழுக்கும், விமானம் நேரே மண்ணுக்குள் போகும். புத்திக்குத் தெரிந்தால் மட்டும் போதாது, கைக்குத் தெரிய வேண்டும். கைக்குத் தெரிய ஒத்திகை தவிர வேறு மார்க்கம் இல்லை. ஹாங்கரில் தலைகீழாகத் தொங்கிய பெகூவை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது இதனால்தான். ஒரு வித்தியாசம்: எங்கள் விமானம் விழுந்தால் பால்சா உடையும், ஸ்காலர்ஷிப் பணம் போகும். அவர் விமானத்துக்குள் அவரே இருந்தார்.

யுத்தம்

1914 ஆகஸ்டில் முதல் உலக யுத்தம் வந்தது. பெகூ ராணுவ விமானியானார். முதலில் வேவு பார்ப்பது, குண்டு போடுவது. பிறகு எதிரி விமானங்களோடு நேருக்கு நேர் சண்டை. 1915இல் வரிசையாக எதிரி விமானங்களை வீழ்த்தி, வான் சண்டையில் ஏஸ் என்ற பட்டத்துக்கு உரிய முதல் விமானி என்று சரித்திரத்தில் இடம் பிடித்தார். சீட்டுக்கட்டில் வரும் அதே ஏஸ்தான். ஐந்து விமானங்களை வீழ்த்தியவர் ஏஸ் என்று பிற்பாடு வழக்கமாயிற்று.

எனக்கு இந்தப் பக்கத்தைப் படிக்கும்போது மனசு ஒட்டுவதில்லை. விமானி சாகாமல் இருக்க வழி தேடிய கை, இரண்டு வருஷத்துக்குள் விமானிகளைச் சுட்டு வீழ்த்தியது. அது அவர் குற்றம் இல்லை, காலத்தின் கோலம். யோஹானிஸ்தாலில் அவருக்குக் கைதட்டிய கூட்டத்தில் இருந்த இளைஞர்கள் சிலர் எதிர்ப்பக்கம் பறந்திருக்கவும் கூடும்.

நெஸ்டெரோவ் யுத்தத்தின் இரண்டாம் மாதத்திலேயே போய்விட்டார். 1914 செப்டம்பர் 8ஆம் தேதி, ஓர் ஆஸ்திரிய விமானத்தின் மேல் தன் விமானத்தை மோதி வீழ்த்தினார். தானும் இறந்தார். லூப் அடித்து ஒரு வருஷம் நிறைய ஒரு நாள் பாக்கி.

பெகூவின் முறை 1915 ஆகஸ்ட் 31ஆம் தேதி வந்தது. பெல்ஃபோர் நகரத்துக்கு அருகே பெத்தி குருவா என்ற இடத்தின் மேல், கண்டுல்ஸ்கி என்பவர் ஓட்டிய ஜெர்மன் விமானத்தோடு சண்டை. குண்டு பாய்ந்து வீழ்ந்தார். வயது 26. வீழ்த்தியவர் பெகூ என்று தெரிந்ததும் ஜெர்மன் விமானிகள் பிரெஞ்சு எல்லைக்குள் பறந்து வந்து அவருக்காக ஒரு மலர்வளையத்தைப் போட்டுவிட்டுப் போனார்கள். எதிரி வீட்டிலிருந்து வந்த மாலை.

விமானி உரிமம் வாங்கியதிலிருந்து சாவு வரை மொத்தம் இரண்டரை வருஷம். நாம் கல்லூரியில் இருந்த காலத்தைவிடக் குறைவு.

தம்பி தங்கைகளுக்கும், சீனியர்களுக்கும்

நான் இப்போது வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பாகங்களை வேண்டுமென்றே உடைத்துப் பார்ப்பதுதான் என் சம்பளம். அதனால் பெகூவின் கதையை சாகசக் கதையாக என்னால் படிக்க முடிவதில்லை. கைவிட்ட விமானம் என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டே இறங்கினாரே, அது சோதனைக்காரனின் கண். கம்பியைப் பலப்படுத்திக்கொண்டு, தரையில் தொங்கிப் பழகிக்கொண்டு, அப்புறம் மேலே போனாரே, அது சோதனைக்காரனின் ஒழுங்கு. பைக்கில் வீலிங் செய்து வீடியோ போடும் தம்பிகளுக்கு தைரியம் நிறைய இருக்கிறது. 19ஆம் தேதிக்கும் 1ஆம் தேதிக்கும் நடுவே பெகூ செய்த 13 நாள் வேலையையும் அவர்கள் ஒரு தடவை யோசித்துப் பார்க்கட்டும்.

இன்னொன்று சீனியர் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும். நம்மில் பலர் இப்போது கையெழுத்துப் போடும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறோம். ஒரு சின்னப் பையனோ பெண்ணோ வித்தியாசமான யோசனையோடு மேஜை முன் வந்து நிற்கும்போது, நாம் பிளேரியோவா, கீவ் நகரத்து மேலதிகாரியா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். பிளேரியோ கண்மூடித்தனமாகச் சரி என்று சொல்லவில்லை. எந்தக் கம்பி அறும் என்று யோசித்து, அதை மாற்றிக் கொடுத்துவிட்டுச் சரி என்றார். நம் பிள்ளைகளுக்கு நம்மிடம் வேண்டியதும் அதுதான்.

முடிக்கும் முன் ஒரு விண்ணப்பம். ஏரோமாடலிங் கோஷ்டியின் பழைய அலமாரியில் இன்றைக்கும் சில இறக்கைகளும் ஒரு டிரான்ஸ்மிட்டரும் இருப்பதாக ஜூனியர்கள் சொல்கிறார்கள். என்.சி.சி. ஏர் விங் மாணவர்களும் சேர ஆசைப்படுகிறார்களாம். ஒரு பயிற்சி மாடல், நாலைந்து பேட்டரி, சிமுலேட்டருக்கு ஒரு கம்ப்யூட்டர், கொஞ்சம் பால்சா. சங்கத்தின் பொதுக்குழுவில் இதை யாராவது எடுத்துச் சொன்னால், முதல் ஆளாக என் பங்கைத் தருகிறேன். அடுத்த சந்திப்பின்போது நம் மைதானத்தில் ஒரு குட்டி விமானம் வட்டமாக ஒரு குட்டிக்கரணம் போட, நாம் எல்லோரும் கீழே நின்று மார்க் போடுவோம்.



– முன்னாள் மாணவர், மெக்கானிக்கல் பிரிவு, 2010 பேட்ச்